மூக்கை நம்பிச் சாப்பிடலாமா? உணவு நஞ்சாவது பற்றி ஓர் எளிய விளக்கம்

மிச்சமிருக்கும் சாப்பாட்டின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாடை ஒன்றும் இல்லை, சாப்பிடலாம்" என்று முடிவு செய்வது எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஆனால் மூக்குக்குத் தெரிவது ஒன்று, வயிற்றைக் கெடுப்பது வேறொன்று.

உணவில் இருக்கும் பாக்டீரியாக்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு கூட்டம் உணவைக் கெடுப்பவை. இவை பெருகினால் சாப்பாடு புளிக்கும், நூல் விடும், வழவழப்பாகும், நாறும். நமக்கே தெரிந்துவிடும், எடுத்துக் கொட்டிவிடுவோம். இன்னொரு கூட்டம் நோய் தருபவை. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், லிஸ்டீரியா, இ.கோலையின் சில வகைகள் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை பெரும்பாலும் உணவின் நிறத்தையோ மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. இ.கோலையில் ஓ157 என்று ஒரு வகை இருக்கிறது. அது நூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்க வைத்துவிடும். அந்த நூறு செல்களை எந்த மூக்கால் முகர முடியும்?

அதனால் உணவு பாதுகாப்பானதா என்பதைச் சாப்பிடும் நேரத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அது எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம், எதைத் தொட்டபடி இருந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி, ரசாயனம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இதில் பாக்டீரியாவின் பங்கைப் பொறுத்தவரை, சமையலறையிலேயே தடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

பெருக்கல் கணக்கு

பாக்டீரியா பெருக சத்து, ஈரம், மிதமான சூடு, நேரம் ஆகிய நான்கும் வேண்டும். சமைத்த உணவில் முதல் இரண்டும் தாராளமாக இருக்கின்றன. மீதி இரண்டும்தான் நம் கையில் இருப்பவை.

பெருகத் தோதான சூட்டில் இ.கோலை போன்ற பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இரண்டு மணி நேரத்தில் 64. பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். நான்கு மணி நேரத்தில் 4,096. ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இதெல்லாம் ஒரே ஒரு செல்லில் தொடங்கிய கணக்கு. தொடக்கத்தில் நூறு இருந்திருந்தால், இரவு வெளியே வைத்த பாத்திரத்தில் விடியும்போது 20 கோடி இருக்கும். உண்மையில் புது இடத்துக்குப் பழகிக்கொள்ள பாக்டீரியா முதலில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் இந்த வேகம் பிடிக்கும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சுற்றுப்புறச் சூடு 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அந்தக் கெடு ஒரு மணி நேரமாகச் சுருங்குகிறது.

சூட்டைப் பொறுத்தவரை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்தான வரம்பு என்கிறார்கள். 60-க்கு மேல் பெரும்பாலான நோய்க் கிருமிகள் பெருக முடியாது. 5-க்குக் கீழே பெருக்கம் மிகவும் மந்தமாகிவிடும். ஆக, சூடாகச் சாப்பிட வேண்டியது நல்ல சூடாகவே இருக்கட்டும், ஆறியதெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். இடையில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும்.

ஈரத்தைக் குறைத்தும் பாக்டீரியாவைக் கட்டிப்போடலாம். காயவைப்பது, உப்பில் ஊறவைப்பது, சர்க்கரைப் பாகில் போடுவது எல்லாம் அதற்கான பழைய வழிகள். நன்றாகக் காய்ந்த தானியம் மாதக்கணக்கில் தாங்குவதும், அதையே வேகவைத்தால் அரை நாளில் கெடுவதும் ஈரத்தால் வரும் வித்தியாசம்தான்.

திரும்பச் சுடவைத்தால் சரியாகிவிடுமா?

"நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன், எல்லாம் செத்திருக்கும்" என்ற நம்பிக்கைதான் முகர்ந்து பார்ப்பதைவிட ஆபத்தானது என்று நினைக்கிறேன். பாக்டீரியா செத்திருக்கலாம். அது உணவில் விட்டுப்போன நச்சு பல சமயம் அழியாது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. சீழ் பிடித்த புண்ணிலும் இருக்கும். மூக்கைத் தொட்ட கையோடு சமைத்த உணவைப் பிசைந்தால் அது உணவுக்குள் போய்விடும். பிறகு அந்த உணவு சில மணி நேரம் வெளியே இருந்தால் அங்கேயே பெருகி நச்சைச் சுரக்கும். அந்த நச்சு அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும். சாப்பிட்டவருக்கு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி வரும்.

சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் பிடிவாதமானது. இது மண்ணில் வாழும் பாக்டீரியா, அங்கிருந்து அரிசியில் ஒட்டிக்கொண்டு வரும். நிலைமை சரியில்லாதபோது கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு வித்தாக மாறி உறங்கும் திறமை இதற்கு உண்டு. சோறு வேகும்போது மற்றவை அழிந்துபோக, இந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு வெளியே கிடந்து மெல்ல ஆறும்போது அவை விழித்துப் பெருகும். இதன் வாந்தி நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வீட்டு அடுப்பில் அதை அழிக்கவே முடியாது என்று அர்த்தம். பழைய சோற்றை எப்படிச் சுடவைக்கிறோம் என்பதைவிட, வடித்த பிறகு எவ்வளவு சீக்கிரம் ஆறவைத்தோம் என்பதே இங்கே முக்கியம்.

பெரிய பாத்திரத்தில் சமைப்பவர்கள் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பெயரையும் தெரிந்துகொள்வது நல்லது. விருந்துகளிலும் விடுதிகளிலும் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இதன் மேல்தான் சந்தேகம் முதலில் போகும். ஓர் அண்டா நிறைய இறைச்சிக் குழம்பு வைத்து, அடுப்பை அணைத்து, மூடி போட்டு அப்படியே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓரமும் மேற்பரப்பும் சீக்கிரம் ஆறிவிடும். நடுப்பகுதிக்குச் சுற்றியிருக்கும் குழம்பே கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடுவதால் அங்கே சூடு பல மணி நேரம் இறங்காது. இதுவும் வித்தாக மாறிக் கொதியைத் தாண்டிவிடும். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. கொதித்து அடங்கிய குழம்பின் ஆழத்தில் காற்றும் இல்லை, போட்டிக்கு வேறு கிருமிகளும் இல்லை. 43 முதல் 47 டிகிரி வரை இதற்கு மிகவும் பிடித்த சூடு. அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். மறுநாள் மேலே ஆவி வரும் அளவுக்கு மட்டும் சுடவைத்துப் பரிமாறினால், நடுவில் இருப்பவை உயிரோடு வயிற்றுக்குள் போகும்.

இதைத் தடுப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஆழமான பாத்திரத்திலிருந்து அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி அடிக்கடி கிளறுங்கள், ஐஸ் இருந்தால் இன்னும் நல்லது. தொழில்முறைச் சமையலறைகளில் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்கிவிட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். சூடு முழுக்க ஆறினால்தான் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஆவி அடங்கியதும் சின்னச் சின்னப் பாத்திரமாக உள்ளே வைத்துவிடலாம்.

ஃபிரிட்ஜ் கொல்லாது, தூங்கவைக்கும்

ஃபிரிட்ஜுக்குள் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவில் இருக்கும் எண் திருகியை நம்புவதைவிட உள்ளே ஒரு சின்ன வெப்பமானியை வைத்துப் பார்ப்பது மேல். அடைத்துக் குவித்தால் குளிர்காற்று சுற்ற இடமிருக்காது. பச்சை இறைச்சியையும் மீனையும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதிலிருந்து சொட்டும் நீர் கீழே இருக்கும் பழத்திலோ சமைத்த உணவிலோ விழும்.

குளிரிலும் பெருகக்கூடியது ஒன்று உண்டு, லிஸ்டீரியா. ஃபிரிட்ஜ் சூட்டிலேயே மெதுவாகப் பெருகும். காய்ச்சாத பால், அதில் செய்த மென்மையான பாலாடைக்கட்டி, அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் அதிகம் பார்க்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் தாய்க்கு லேசான காய்ச்சலாகத் தெரிந்துவிட்டு, கருவைக் கலைத்துவிடக்கூடும். இந்த வகை உணவுகளைக் கர்ப்பகாலத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். மற்றவர்களும் ஃபிரிட்ஜில் வைத்த சமைத்த உணவை மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் பெருக்கம் நின்றுவிடும், ஆனால் பல பாக்டீரியாக்கள் உயிரோடுதான் இருக்கும். உறைந்த இறைச்சியைச் சமையல் மேடையில் வைத்து உருக்கினால், உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் ஆபத்தான சூட்டுக்கு வந்துவிடும். முதல் நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றி உருக்குவதுதான் சரி. அவசரமென்றால் கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றலாம்.

பச்சையிலிருந்து சமைத்ததற்கு

ஒழுங்காக வேகவைத்த உணவும் நோய் தரும், சமைத்த பிறகு பச்சை இறைச்சியிலிருந்து கிருமி அதில் ஒட்டிக்கொண்டால். இது எப்படி நடக்கிறது என்று ஒரு கோழியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

பச்சைக் கோழியின் தோலில் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் இருப்பது சாதாரணம். அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவுகிறோம். தண்ணீர் தோலில் பட்டுத் தெறிக்கிறது. தொட்டியின் விளிம்பிலும், பக்கத்தில் கவிழ்த்த தட்டிலும், அருகே வைத்த தக்காளியிலும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் விழுகின்றன. அதே கையால் குழாயைத் திருகி மூடுகிறோம். துணியில் கையைத் துடைக்கிறோம். கோழியைப் பலகையில் வெட்டி, கத்தியை லேசாக அலசிவிட்டு, அதே பலகையில் வெள்ளரிக்காயை நறுக்குகிறோம். கோழி அடுப்பில் வெந்துவிடும், அதில் இருந்த கிருமி செத்துவிடும். வெள்ளரிக்காய் வேகப்போவதில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பழி என்னவோ கோழிக்குத்தான்.

கோழியைக் கழுவாதீர்கள் என்ற அறிவுரை பலருக்கு அருவருப்பாகத் தோன்றும். ஆனால் கழுவுவதால் கிருமி போவதில்லை, பரவத்தான் செய்கிறது. அதைக் கொல்வது அடுப்பு மட்டுமே. அழுக்கோ ரத்தமோ ஒட்டியிருந்தால் ஈரமான காகிதத்தால் துடைத்து, காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவலாம். பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, அப்படியே சாப்பிடுபவற்றுக்கு இன்னொரு பலகை என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஒரே பலகைதான் இருக்கிறது என்றால் காய்களை முதலில் நறுக்கிவிட்டு இறைச்சியைக் கடைசியில் வெட்டுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் மேடை துடைக்கும் துணியும் எப்போதும் ஈரம், எப்போதும் உணவுத் துணுக்கு. துணியை வெந்நீரில் துவைத்து முழுக்கக் காயவிடுங்கள், ஸ்பாஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். கையைப் பொறுத்தவரை, சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து 20 விநாடி கழுவ வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருப்பவர் அடுத்தவருக்குச் சமைக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெந்ததா என்று எப்படித் தெரியும்?

உணவின் மிகத் தடித்த இடத்தின் நடுவில் 70 டிகிரி எட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோழிக்கு 74 டிகிரி என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நிறத்தைப் பார்த்துச் சொல்வது அவ்வளவு நம்பகமானதல்ல. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் பல சந்தேகங்கள் தீரும்.

கொத்திய இறைச்சியில் கூடுதல் கவனம் வேண்டும். முழுத் துண்டு மாட்டிறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், வெளிப்புறம் வெந்தால் போய்விடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் மூலம் ஓ157 பரவி 700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். இந்தக் கிருமியின் நச்சு குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக்கூடியது.

முட்டையில் சால்மோனெல்லா ஓட்டுக்கு வெளியே மட்டும் இருக்கும் என்றில்லை. கோழியின் சினைப்பையிலேயே தொற்று இருந்தால் ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் கெட்டியாகும் வரை வேகவைப்பதே பாதுகாப்பு. மைக்ரோவேவில் சுடவைத்தால் இடையில் ஒருமுறை கிளறுங்கள், அது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்குவதில்லை.

காய்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2011-இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஓ104 வகை இ.கோலையால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் வெள்ளரிக்காயைச் சந்தேகித்தார்கள், கடைசியில் அது முளைகட்டிய வெந்தயம் என்று தெரியவந்தது. விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் பாக்டீரியா பெருகவும் அப்படியே பொருந்திவிடுகின்றன. முளைகட்டிய தானியங்களைக் கழுவினாலும் கிருமி முழுதாகப் போகாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் அவற்றை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

அரிதாக வருவது, ஆனால் வந்தால் உயிருக்கே உலை வைப்பது பாட்டுலிசம், அதாவது ஒரு பாக்டீரியாவின் நச்சு நரம்புகளை முடக்கும் நோய். 1895-இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற ஊரில் ஓர் இறுதிச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியைச் சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டார்கள், மூவர் இறந்தார்கள். அதை ஆராய்ந்து காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் எமீல் வான் எர்மெங்கெம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத உணவில் இது நச்சைச் சுரக்கும். வீட்டில் புட்டியில் அடைத்த காய்கறி, வெளியே வைத்த எண்ணெயில் ஊறும் பூண்டு போன்றவற்றில் இந்த ஆபத்து உண்டு. உப்பியிருக்கும் டின்னைத் திறந்து ருசி பார்க்கக்கூட வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதும் இதே பாக்டீரியாவின் வித்துக்காகத்தான். பெரியவர்களின் குடலில் முளைக்காத அந்த வித்து, சிசுவின் குடலில் முளைத்துவிடும்.

வந்துவிட்டால்

"கடைசியாகச் சாப்பிட்டதுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்வது வழக்கம். பல சமயம் அது தவறு. ஸ்டஃபிலோகாக்கஸ் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். சால்மோனெல்லா ஆறு மணியிலிருந்து ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். கேம்பைலோபாக்டர் இரண்டு முதல் ஐந்து நாள். ஓ157 பெரும்பாலும் மூன்று, நான்கு நாள். லிஸ்டீரியா வாரக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும். அதனால் மருத்துவரிடம் போனால் முந்தைய சில நாட்களில் சாப்பிட்டதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியச் சிகிச்சை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, குத்துமதிப்பாகப் போட வேண்டாம்.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, எதைக் குடித்தாலும் வாந்தி, சிறுநீர் குறைவது, தலைசுற்றல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது என்றால் அது பாட்டுலிசமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ரத்தத்தோடு போகும்போது அவை ஓ157-இன் சிறுநீரகப் பாதிப்பை மோசமாக்கக்கூடும். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் அறிகுறி கடுமையாகும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் சுகாதாரத் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். மிச்சமிருக்கும் உணவைக் கொட்டிவிடாமல், மூடிக் கட்டி, "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். நோய் வந்தவர்களும் வராதவர்களும் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று ஒப்பிட்டு, அந்த மாதிரியையும் சோதித்துப் பார்த்துத்தான் காரணமான உணவைக் கண்டுபிடிப்பார்கள். அது கடையில் வாங்கிய பொருளாக இருந்தால், வேறு வீடுகளில் இன்னும் திறக்காமல் இருக்கும் பொட்டலங்களையும் நேரத்தோடு திரும்பப் பெற முடியும்.